கொழும்பு வருவதற்குள் முகம் வழிக்கப் பழகு

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் கப்பல் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும். நாகப்பட்டினத்தில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து நீ வந்து சேர்வதற்குள், என் கடிதம் ரயிலேறி ஓடி ஏஜெண்டு ஆபீசில் உனக்காகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். கப்பலை முந்துகிற கடிதம் எழுதிய ஆள் ராயபுரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நான் நின்றதில் நஷ்டம் எனக்கில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான். உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். எழுதுவதை வரிவரியாக அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது உத்தரவு. ஆகவே இதில் பொய் இருந்தால் அதற்கு அவளும் பொறுப்பு.

பெட்டியைத் திறந்திருப்பாய். மடித்த வேட்டிக்குள் என் பித்தளை ஷேவிங் மிஷின் இருந்ததைப் பார்த்து, "நைனா மறதியா வெச்சிட்டாரு" என்று நினைத்திருப்பாய். மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான் வைத்தேன். உன் எதிரில் கொடுத்தால் வாங்கமாட்டாய், துறைமுக வாசலில் நின்று என்னோடு சண்டை பிடிப்பாய், ஜனங்கள் கூடிவிடுவார்கள் என்றுதான் சொல்லாமல் வைத்தேன். ஊர் கேட்டால் நான் உனக்குச் சித்தப்பா. நீ வாய் திறந்து பேச ஆரம்பித்த நாள் முதல் என்னை நைனா என்றுதான் கூப்பிடுகிறாய். அந்த நைனா சொல்கிறேன், கேட்டுக்கொள். கொழும்பு வருவதற்குள் நீ அந்த மிஷினால் முகம் வழிக்கப் பழகியாக வேண்டும்.

உன் பெரிய பட்லர், அந்தக் கோவாக்காரர், கப்பல் ஏணி அடியில் உன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஆபீசர் மேஜைக்கு இந்த மூஞ்சி வரக்கூடாது. தினம் க்ளீன் இருக்கணும். கொழும்பு வரைக்கும் பாக்கறேன். அப்பறம் எறக்கிடுவேன்." அவர் சிரிக்கவே இல்லை. எத்தனை நாள் அலைந்து கிடைத்த இடம் இது, மேஜையில் தட்டு வைக்கிற வேலையில் ஆரம்பித்துப் பட்லராகவே ஆகலாம் என்று நீ ராத்திரி பகலாகச் சொன்ன இடம். அது போய் உன் தாடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வீராசாமி சலூனில் வாரத்துக்கு இரண்டு தடவை முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த உனக்கு, நீயாக வழித்துக்கொள்ளத் தெரியாது. போன வாரம் மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த தகர மிஷினைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய், சோப்பு நுரைக்கவில்லை என்று கோபத்தில் வறட்டு வறட்டென்று இழுத்து, மீன் செதில் உரித்த மாதிரி முகத்தை ஆக்கிக்கொண்டு வந்தாய். "தாடி வுட்டுட்டு சாமியாரா பூடறேன்" என்று மிஷினைச் சுவரில் அடித்தாய். அதன் மறை கழன்று போனது. பிறகு மூன்று நாள் யாரிடமும் பேச்சில்லை. பேசியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இப்போது எழுதிச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

அந்தப் பித்தளை மிஷின் என் கைக்கு வந்த கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். ஆனாலும் இன்னொரு தடவை கேள், கப்பலில் உனக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்கப்போகிறது? சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பாதி ஊர் காலியாகிப் போன சமயம். நான் மட்டும் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கப்பலிலிருந்து சாமான் இறக்கும்போது கம்பி அறுந்து, அந்தக் கப்பலே சாய்ந்து மூழ்கப்போன நேரத்தில் நான் ஒரே ஆளாக...

"இந்தாய்யா, கப்பல் எங்க முழுவிச்சி? ஒரு பொட்டி ஆடிச்சி. அவ்ளோதான்" என்கிறாள் உன் சித்தி, கத்தியை நீட்டிக்கொண்டு.

சரி, பெட்டி. ஆனால் அது கண்ணாடிச் சாமான் பெட்டி. அது தலைக்குமேல் ஊசலாடும்போது கீழே அந்தக் கப்பலின் என்ஜினீயர் நின்றுகொண்டிருந்தார். நான் பிரேக்கை விடாமல் பிடித்து, பூ வைக்கிற மாதிரி அதைத் தரையில் வைத்தேன். அந்த வெள்ளைக்காரர் மேலே ஏறிவந்து என் கையைக் குலுக்கி, பையிலிருந்து அந்த மிஷினை எடுத்துக் கொடுத்தார். ஏன் மிஷினைக் கொடுத்தார் என்று கேட்காதே. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் கொடுத்திருப்பாய்.

அன்று சாயங்காலமே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேல் மூடியைக் கழற்றி, புது பிளேடை உள்ளே வைத்து, பிடியை முறுக்கி, முகத்தில் சோப்பைப் பூசி இழுத்தேன் பார்! வெண்ணெய். ஒரு எரிச்சல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று நேரே வீராசாமி சலூனுக்குப் போய்ப் படியில் நின்றேன். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இன்னாமே வீராசாமி, இனிமே உன் கத்திக்கு என் மூஞ்சில வேல இல்ல. தடவிப் பாரு, இன்னா மெத்துன்னு கீது."

அவன் வந்து தடவினான். மறுபடியும் தடவினான். "மாமு, சோப்புதான் போயிகீது. முடி போட்டது போட்டபடியே கீதே."

மிஷினை வாங்கித் திறந்தான். பிளேடைச் சுற்றியிருந்த மெழுகுக் காகிதம் அப்படியே இருந்தது. நான் பிரிக்கவே இல்லை. காகிதத்தால்தான் முகம் முழுவதும் வழித்திருக்கிறேன். சலூன் சிரித்த சிரிப்பு கல்மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும். வீராசாமி அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இத்தான் மாமுவோட ஷேவிங்கு! பத்து வருசம் வெச்சாலும் மொண்ண ஆவாது!" என்று ஒவ்வொருவருக்கும் காட்டினான். அவன் எனக்குச் சின்ன வயதுத் தோஸ்து. அதனால்தான் அதிகமாக எரிந்தது. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "டேய், இனிமே உன் நாற்காலில நான் குந்தினேன்னா என் பேர மாத்திக் கூப்புடு!" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டு இறங்கினேன். வாய் இருக்கிறதே, அது வின்ச் மாதிரி இல்லை, பிரேக் கிடையாது.

மறுநாள் காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். உனக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. நம் கிணற்றுத் தண்ணீர் கடலுக்கு அண்ணன் தம்பி. வாயில் வைத்தால் கரிக்கும். அதில் சோப்பைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய் ஒதுங்குமே தவிர நுரை எழும்பாது. நுரை இல்லாத முகத்தில் மிஷினை வைத்து, வேலை ஆகட்டும் என்று அழுத்தி இழுத்தேன். ஓர் இழுப்புக்கு ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு சிவப்பு. வேலைக்குப் போனால் வின்ச்சுக்காரர்கள் எல்லாம், "இன்னாப்பா, வூட்ல சண்டயா?" என்று உன் சித்தியின் பேரைக் கெடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் இப்படியே ஓடியது. மானத்துக்காக ரத்தம் சிந்தினவன் என்று சரித்திரத்தில் எழுதவேண்டியது, யாரும் எழுதவில்லை.

அப்போது உன் சித்தி இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இவ்வளவு பேசமாட்டாள். ஒரு நாள் காலையில் நான் கிணற்றடியில் முனகிக்கொண்டிருந்தபோது, குடிக்கிற தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"இத்த ஊத்திக் கொழப்பு" என்றாள்.

"குடிக்கிற தண்ணியிலயா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன். தெருக்குழாயில் விடியற்காலையில் வரிசையில் நின்று, இடி வாங்கி, இடுப்பில் சுமந்து கொண்டுவருகிற தண்ணீர் அது. அதை முகம் வழிக்கப் பயன்படுத்துகிறவனை எங்கள் தெரு மன்னிக்காது.

"வெள்ளத் துணி தோய்க்க நான் கெணத்துத் தண்ணி எடுக்கறத என்னிக்கினா பாத்துகீறியா? உப்புத் தண்ணில சோப்பு செத்துப்பூடும். துணிக்கே அப்டின்னா மூஞ்சிக்கு?"

ஊற்றிக் குழப்பினேன். மகனே, அந்த நுரையை நீ பார்த்திருக்கவேண்டும்! கொட்டாங்குச்சிக்குள் பொங்கி, வழிந்து, என் முழங்கை வரைக்கும் வந்தது. ("முழங்கை இல்ல, மணிக்கட்டு" என்கிறாள்.) மிஷினை வைத்தேன். அது தானாகப் போனது. கன்னத்தைத் தடவினால் கை நழுவி ஓடியது. சட்டையைக்கூட மாட்டாமல் வீராசாமி சலூன் வாசலுக்கு ஓடி, ஒன்றும் பேசாமல் கன்னத்தைத் தட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று முதல் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக, வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்று கன்னத்தைத் தட்டுவேன். அவன் உள்ளேயிருந்து, "காயிதமா, பிளேடா?" என்று கேட்பான். எங்கள் சிநேகம் அப்படியே நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் விஷயம் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் உங்களைப் போன்றவர்கள் குளிக்கிற குழாயில் கடல்தண்ணீர்தான் வரும். அதில் நீ சோப்பைக் குழப்பினால் நம் கிணற்றடிக் கதை நடுக்கடலில் திரும்பவும் நடக்கும், கொழும்பில் பட்லர் உன்னை இறக்குவார். அதனால் விடியும் முன்னே எழுந்து நேரே பண்டாரியிடம் போ. அதுதான் கப்பலில் சமையல்காரருக்குப் பேர். அவரிடம் ஒரு குவளை நல்ல தண்ணீர், சூடாக, கேட்டு வாங்கு. சும்மா கேட்டால் கொடுக்கமாட்டார். பெட்டியில் சித்தி வைத்திருக்கிற மாங்காய் ஊறுகாயைத் திறந்து காட்டு. பாதித் தண்ணீரால் முதலில் முகத்தை நன்றாக நனைத்து, ஊறவிடு. முடி வெந்நீரில் ஊறினால் நூல், ஊறாவிட்டால் கம்பி. பிரஷை நனைத்து உதறி, சோப்பின்மேல் சுழற்று. பிறகு கொட்டாங்குச்சியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழப்பு. குமிழி குமிழியாக இருந்தால் போதாது, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தால் விழாத பதத்துக்கு வரவேண்டும். அந்தக் கொட்டாங்குச்சியையும் வேட்டிக்குள் வைத்திருக்கிறேன். கப்பலில் தென்னைமரம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

பிளேடை எடுக்கும்போது கூரில்லாத இரண்டு ஓரத்தையும் பிடி. காகிதத்தைப் பிரி. பிரித்தாயா என்று இன்னொரு தடவை பார். சிரிக்காதே. மூடியின் குமிழில் பிளேடைப் பொருத்தி, அதன்மேல் பல்லிருக்கிற தகட்டை வைத்து, பிடியைத் திருகு. நன்றாக இறுக வேண்டும். பிறகு மிஷினின் தலையைக் கன்னத்தில் படுக்கவை, பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிளேடு முடியைத் தொடும். சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் இடம். அதற்குமேல் சாய்க்காதே. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னதாக இழு. கழுத்தில் உனக்கு முடி பக்கவாட்டில் படுத்திருக்கும். உன் அப்பாவுக்கும், அதுதான் என் அண்ணனுக்கு, அப்படித்தான் இருந்தது. தடவிப் பார்த்துப் போ. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தாதே. நல்ல வின்ச்சுக்காரன் பாரத்தைக் கீழே தள்ளமாட்டான். பாரம் தன் கனத்தில் தானே இறங்கும், அவன் பிரேக்கில் கை வைத்துக்கொண்டு கூடவே போவான், அவ்வளவுதான். அந்தப் பித்தளைக்கும் கனம் இருக்கிறது. அது தானே இறங்கும். நீ கூடவே போ.

அலை ஒரு பேஜார்தான். ஆனால் நீ கட்டுமரம் ஏறின வீட்டுப் பிள்ளை, உனக்கு அது பெரிய விஷயமா? அலையில் கப்பல் மேலே ஏறும்போது கையை எடுத்துவிடு. ஏறி, ஒரு கணம் நின்று, மூச்சு விடுமே, அப்போது ஓர் இழுப்பு. அது இறங்கும்போது மறுபடியும் கையை எடு. இந்த முறையை நான் வங்காள விரிகுடாவில் புயலில் வைத்து... சித்தி தலையைத் தூக்கிவிட்டாள். சரி, இது நானாக யோசித்துச் சொல்கிற முறை, அவ்வளவுதான். ஆனால் சரியாகத்தான் இருக்கும். மோவாயில் அவசரப்படாதே. கீறினால் படிகாரத்தை நனைத்துத் தேய், எரியும், பல்லைக் கடித்துக்கொள். முடித்ததும் மிஷினைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வை. கடற்காற்று பட்டால் ஒரே ராத்திரியில் பிளேடு துருப்பிடித்துவிடும். யாருக்கும் இரவல் கொடுக்காதே, பட்லருக்கே ஆனாலும்.

தகர மிஷின் ஒன்றை எனக்கு நானே வாங்கிக்கொள்ளலாமே என்று நீ நினைப்பாய். வாங்கிப் பார்த்தேன். வின்ச் கம்பி இரண்டு விரலை வாங்கிக்கொண்ட என் வலது கையில் அது நிற்கவில்லை. சோப்புப் பட்டால் மீன் மாதிரி நழுவுகிறது. அந்தப் பித்தளைப் பிடியின் கனமும் தடிமனும்தான் எனக்குத் தோதாக இருந்தது. நீ போன அன்று பெட்டிக்குள் அதை வைக்கும்போது உன் சித்தி பார்த்துவிட்டாள்.

"அத்தக் குடுத்துட்டு நீ இன்னா பண்ணுவே?"

"தாடி வுட்டுட்டு சாமியாரா பூடறேன்."

"அந்த வசனம் இந்த வூட்ல ஒருத்தன் ஏற்கெனவே சொல்லிட்டான்" என்றாள். அப்புறம் வேட்டியைப் பிரித்து, மிஷினை நன்றாக உள்ளே சுருட்டி வைத்தது அவள்தான்.

நாலு நாள் தாடியோடு திரிந்தேன். ஐந்தாம் நாள் காலையில் சலூன் படியேறினேன். நாற்காலியில் ஒருவர் பாதி முகம் சோப்போடு இருந்தார். வீராசாமியின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"இன்னா மாமு, வயி தப்பி வந்துட்டியா? டிராம் நிக்கிற எடம் அந்தாண்ட கீது."

"உன்கிட்டதான் வந்தேன்."

"என்கிட்டயா? மிஷினு இன்னா ஆச்சி, காயிதம் தீந்துபோச்சா?"

"கப்பல் ஏறிடிச்சி. என் புள்ளயோட."

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த ஆளின் மீதி முகத்தை மளமளவென்று முடித்தான். துண்டை எடுத்து நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினான். "குந்து மாமு." உட்கார்ந்தேன். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். இப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"குந்தினா பேர மாத்திக் கூப்புடுன்னு சொன்னியே, ஞாபகம் கீதா? பேட்டையே சாட்சி. இப்ப சொல்லு, இன்னா பேரு வெக்கிறது?"

வார்த்தைக்கு நான் எப்போதாவது தவித்திருக்கிறேனா? அன்றைக்குத் தவித்தேன். பிறகு சொன்னேன். "கப்பல்காரன் அப்பன்னு வெய்யி."

முடித்துக்கொண்டு எழுந்த அந்த ஆள், "அவனுக்கு நீ சித்தப்பன்தானே?" என்றார்.

"யோவ், மூஞ்சத் தொடச்சிக்கினு கெளம்புய்யா" என்றான் வீராசாமி.

நான் தெருவில் இறங்கியபோது பின்னாலிருந்து அவன் போட்ட சத்தம் இருக்கிறதே! "கப்பல்காரன் அப்பன் போறாரு, வயி வுடுங்க!" டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள், ஐஸ் ஏற்றுகிற இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் பேர் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த உன் சித்தி என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா கப்பல்காரன் அப்பா, ஜோரா கீது" என்றாள். என் பழைய பேரை இந்தப் பேட்டையில் இப்போது யாரும் சொல்வதில்லை. கேட்டாலும் வீராசாமி திருப்பித் தரமாட்டான்.

ஆகையால் பார், மகனே, கொழும்பில் உன்னை இறக்கிவிட்டால் எனக்குப் பேரே இல்லாமல் போய்விடும். பண்டாரியிடம் தண்ணீர் வாங்கு. காகிதத்தைப் பிரி. அழுத்தாதே. அலை நிற்கும் வரை பொறு. கொழும்புத் துறைமுகம் தெரியும்போது, பட்லர் உன் தாடையைப் பிடித்துத் திருப்புவதற்கு முன்னால், நீயே கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிக் காட்டு. நான் எப்படித் தட்டுவேன் என்று உனக்குத்தான் தெரியுமே.

இங்கே எல்லாரும் சௌக்கியம், சித்தி உட்பட.

கப்பல்காரன் அப்பன்